சுகந்திக்காகப் பூட்டிய சீற்

நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள். சிரியுங்கள், எனக்குக் கோபம் இல்லை, நானும் அப்படிச் சிரித்த ஆள்தான். வேலணையில் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். கையால் பிடித்து ஸ்பனர் போட முடியாத எதையும் நான் நம்பியதில்லை. என் மனைவி சுகந்தி எப்போதாவது பேய், முனி என்று கதையைத் தொடங்கினால், "வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாரும்" என்று சொல்லிவிடுவேன். அந்தப் பேச்சு எனக்கே திரும்பி வருமென்று ஆர் கண்டது?

சுகந்தி பள்ளிக்கூட ரீச்சர். எங்கள் வீடு சரவணையில், அவவுக்கு மாற்றம் கிடைத்த பள்ளிக்கூடம் கடலுக்கு அந்தப் பக்கம், புங்குடுதீவு மடத்துவெளியில். பஸ்ஸை நம்பினால் முதல் பாடம் முடிந்துதான் போகலாம். என்னிடம் கனடாவுக்குப் போன மச்சான் விட்டுப்போன பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. தூரப் பயணத்துக்கென்றே செய்தது. ஓட்டுகிறவனுக்குச் சொர்க்கம், பின்னால் இருப்பவருக்குக் கூரையில் ஏறி இருக்கிற மாதிரி. சீலையோடு அதில் ஏறவே முடியாது.

சரி, என்னிடம் வெல்டிங் பிளாண்ட் இருக்கிறதே என்று அதை அவவுக்கு ஏற்ற மாதிரி மாற்றத் தொடங்கினேன். ஹாண்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் இருந்து வந்தது, பின்சில்லுக் குலுக்கலைத் தாங்குகிற ஷொக் இன்னொன்றில் இருந்து. பின்னுக்கு ஆள் இருக்கிற நீட்டுச் சீற்றும், பெண்கள் ஒருபக்கமாக இருந்து இரண்டு காலையும் வைக்கிற இடப்பக்க மிதிதட்டும் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் ஒன்றாகக் கட்டியபடியே கிடந்தன. எந்தச் சைக்கிளில் இருந்தது என்று கேட்டேன், கடைக்காரருக்குத் தெரியவில்லை. மிதிதட்டு தானாக விழக்கூடாது என்று புது ஸ்பிரிங் போட்டு இறுக்கினேன். மடக்கினால் மடங்கியபடி நிற்கும், காலால் அழுத்தி மிதித்தால்தான் இறங்கும்.

வேலை முடிந்ததும், சுகந்தியை ஏற்றுவதற்கு முன் ஒருதரம் ஓடிப் பார்ப்போம் என்று தனியாகப் புறப்பட்டேன். நல்ல உச்சி வெயில். புங்குடுதீவுப் பாலம் உங்களுக்குத் தெரியும்தானே, இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேர்கோடாகத் தெரு, ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூட இல்லை. நடுப்பாலத்தில் பின்பக்கம் மெல்ல இறங்கியது. ஆள் ஏறி இருந்தால் எப்படி இறங்குமோ அப்படி. ஷொக் இளகிவிட்டது, வீட்டுக்குப் போய் இறுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், வேறு என்னத்தை நினைக்க? எதிரே ஒரு மினிபஸ் போனது, யன்னலால் ஆரோ கை காட்டினார்கள், நானும் தலையாட்டினேன்.

பாலம் முடிகிற இடத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். மூன்று சைக்கிளின் சாமான் ஒரு சைக்கிளில் நிற்கிறதே! என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடி நிறுத்தினேன். அவர் ஹாண்டிலையோ சீற்றையோ பார்க்கவில்லை.

"ஐசே, பின்னுக்கு இருந்த மனுசிக்கு ஹெல்மெட் எங்கை?"

"ஆர் ஐயா? நான் தனியத்தான் வந்தனான்."

"என்னை விசரன் எண்டு நினைச்சீரோ? நீலச் சீலை கட்டின மனுசி. பாலம் முழுக்கப் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன். எங்கை இறக்கினனீர்?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். வெறும் தெரு, வெறும் கடல். பிறகு அவர் கீழே பார்த்தார், நானும் பார்த்தேன். நான் மடக்கிவிட்டு வந்த மிதிதட்டு இறங்கிக் கிடந்தது. அந்த மனிதனின் முகம் போன போக்கைச் சொல்ல எனக்குத் தெரியாது. "போம், போம்" என்று மட்டும் சொன்னார். நான் திரும்பி வந்தது எப்படி என்று இன்றைக்கும் நினைவில்லை.

வீட்டுக்குள் போனால் சுகந்தி குசினியில் அடுப்புக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறா.

"ஆர் அவ?"

"எவ?"

"விமலா ரீச்சர் மினிபஸ்ஸுக்குள்ளை இருந்து கண்டிருக்கிறா. கை காட்டினவவாம், நீங்களும் தலையாட்டினனீங்களாம். பின்னுக்கு நீலச் சீலை."

நம்பினால் நம்புங்கள், பொலிஸ்காரர் மறித்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. நீலச் சீலை! நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். நான், என் வாயால், "அது மனுசர் இல்லையப்பா" என்று சொன்னேன்.

"நான் பேய் எண்டு சொன்னா வாயை மூடச் சொல்லுற ஆள், தான் பிடிபட்டவுடனை பேயோ? வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கோ. நாளைக்கு நான் அம்மா வீட்டை போறன்."

சொன்னால் செய்கிற பெண் அவ. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "போம். போக முதல் ஒருக்கா என்னோடை பாலத்தைத் தாண்டி வாரும். அந்தப் பொலிஸ்காரரை நீரே கேளும். பிறகு அம்மா வீட்டை நானே கொண்டுபோய் விடுறன்."

அடுத்த நாள் மத்தியானம் ஏறினா. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, என்னில் முட்டக்கூடாதென்று சீற்றின் கடைசி நுனியில், பின்கம்பியைப் பிடித்தபடி. நடுப்பாலத்தில் பின்பக்கம் இறங்கியது. முதல் நாளைப் போலவே, மெல்ல. அடுத்த கணம் சுகந்தி விசுக்கென்று முன்னால் நகர்ந்து வந்து என் முதுகோடு ஒட்டிக்கொண்டா. இடுப்பைச் சுற்றிப் பிடித்த கை ஐஸ்கட்டி.

"நிப்பாட்டாதேங்கோ. திரும்பிப் பாக்காதேங்கோ."

பாலம் முடிகிற இடத்தில் அதே பொலிஸ்காரர். எங்களைக் கண்டார். கண்டவுடனே தொப்பியைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிக் கடலைப் பார்க்கத் தொடங்கினார். சுகந்தி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா வீட்டுக் கதையும் அதோடு நின்றது. என்ன கண்டீர் என்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை.

அன்று பின்னேரமே சீற்றைக் கழற்ற ஸ்பனரோடு போனேன். ஓடி வந்து கையைப் பிடித்தா.

"கழட்டாதேங்கோ."

"ஏன்?"

"பாவம்."

அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு நாளும் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறோம். கலியாணம் கட்டி இத்தனை வருடத்துக்குப் பிறகும் ரீச்சரும் மனுசனும் ஒட்டிக்கொண்டு போகினம் என்று ஊர் பகிடி பண்ணுகிறது. சுகந்தி என்னோடு நெருங்கி இருப்பது எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவவுக்குப் பின்னால் சீற்றில் ஒரு ஆள் இருக்கிற இடம் சும்மா கிடக்கும்.

மடத்துவெளியில், பள்ளிக்கூட வாசலில் நிறுத்துவேன். சுகந்தி உடனே இறங்க மாட்டா. என் தோளைத் தட்டி, மிகச் சாதாரணமாக, "பொறுங்கோ, அவ இறங்கட்டும்" என்பா. பின்பக்கம் மெல்ல எழும்பும். அதற்குப் பிறகு சுகந்தி இறங்குவா. பின்பக்கம் இன்னொருதரம் எழும்பும்.