கூம்பை வைக்கும் கை

கீழ்வீட்டுப் பட்டறைக்காரருக்குத் தெரு வைத்த பேர் அரம். நாக்கு அப்படி. பித்தளைத் தகட்டை வெட்டி, வளைத்து, ஓரங்களைப் பற்றவைத்து உலோகக் கிட்டார் செய்கிறவர். நிக்கல் முலாம் பூசியதும் பாட்டன் காலத்துச் சாமான் போல இருக்கும். முகம் பார்த்துத் தலை சீவலாம். மரக் கிட்டார் கொஞ்சிப் பேசும். இது முகத்துக்கு நேரே கேட்கும்.

அந்தக் குரல் வயிற்றுக்குள் இருக்கும் அலுமினியக் கூம்பிலிருந்து வருகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் குழிந்துவிடும், அவ்வளவு மெல்லிசு. வட்ட விளிம்பொன்றின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பசையும் இல்லை, ஆணியும் இல்லை, கம்பிகளின் அழுத்தம்தான் பிடிப்பு. அதை உட்காரவைத்து முதல் மீட்டு மீட்டுவது அரத்தின் உரிமை. மாமனார் சாகும்முன் பட்டறையை மகளுக்கும் கூம்பை மருமகனுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். மகனுக்குக் கிடைத்தது முலாம் தொட்டி. அன்றோடு அரமும் மச்சானும் பேசுவதை நிறுத்தினார்கள்.

"உன் தம்பிகிட்ட சொல்லு, முலாம் திட்டுத் திட்டா இருக்கு" என்பார் அரம், மனைவியைப் பார்த்து. தம்பி இரண்டடி தள்ளித்தான் நிற்பான். "அக்கா, உன் வீட்டுக்காரருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடு" என்பான்.

ஒருநாள் விடுதியில் வாசிக்கும் பெண் கிட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்தாள். எந்தக் கம்பியைத் தொட்டாலும் டப்பாவுக்குள் வண்டு கத்துகிறதாம். சாயங்காலம் வருவாளாம், அப்போதும் வண்டு இருந்தால் வேறு பட்டறையாம். அவள் போனதும் ஆளுக்கொரு பக்கம் அக்காவிடம் குற்றம் சொன்னார்கள். பிழைக்க வந்த ஊரில், மாடியில் வாடகைக்கு இருக்கும் எனக்கு எதற்கு வம்பு என்று கதவைத் தாழ்போட்டேன். அப்புறம் பொறுக்காமல் படிக்கட்டில் வந்து நின்றேன்.

"யாரோட தப்போ, அந்தக் கை இனிமே கூம்பைத் தொடக்கூடாது" என்றாள் அரத்தின் மனைவி. திருகாணிகளைத் தானே கழற்றிக் கூம்பைத் தூக்கினாள். விளிம்பின் ஒரு பக்கம் புதிதாக அராவிய பளபளப்பு. எதிர்ப்பக்கம் மடித்து வைத்த காகிதத் துண்டு.

விளிம்பு ஒரு பக்கம் உயர்ந்திருந்தது உண்மைதான். உயர்ந்ததை அரம் அராவித் தாழ்த்தியிருக்கிறார். துடைத்து மெருகேற்ற எடுத்துப்போன மச்சான், அது தெரியாமல், முன்பு தான் பார்த்துவைத்திருந்த தாழ்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான். கூம்பு இப்போது மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

"என் கூம்பைத் தொட்டியாடா?" இத்தனை காலத்தில் அரம் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"உங்க கூம்பா? எங்கப்பா பட்டறை மாமா இது."

"அந்தக் காகிதத்த எடு, சரியாயிடும்."

"நீங்க அராவாம இருந்திருந்தா என் காகிதமே போதும்."

"ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க, அதான் பாழாப் போச்சு" என்றாள் அவள். "இனிமே கூம்பை நான் வைக்கிறேன்."

காகிதத்தை உருவிப் போட்டு, கூம்பை வைத்து, கம்பிகளை முறுக்கினாள். சாயங்காலம் வந்த பெண் கம்பிகளை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். வண்டு இல்லை. நன்றிகூடச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

அரம் இப்போது கிட்டாரின் உடலை மட்டும் செய்கிறார். புதுக் கிட்டாருக்குக் கம்பி கட்டி மனைவி முதல் மீட்டுக்குக் கையை ஓங்கியதும், அவர் தகடு தேய்க்கும் இயந்திரத்தை முடுக்கிவிடுவார். மாமாவோடு மச்சான் ஒத்துப்போகும் காரியம் அது ஒன்றுதான். அவனும் தன் மெருகுச் சக்கரத்தை முடுக்குவான். அவள் பொருட்படுத்தாமல் மீட்டுவாள். இரைச்சலை மீறிக் கேட்கத்தானே கிட்டாரை உலோகத்தில் செய்வது? மாடிவரை கேட்கும். அரம் முதுகைக் காட்டிக்கொண்டு, தேய்த்த தகட்டையே திரும்பத் தேய்ப்பார்.