காணாக்கடியும் எள்ளுப்பொடியும்

இந்த ஊரில் சோறு போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறார்கள். லிஸ்பனில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி, காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஆள் வந்து உட்கார்ந்ததும் பரிமாறுகிற பெண், தண்ணீர்கூட வைக்காமல், "தெங் அலெர்ஜியா?" என்பாள். உங்களுக்கு ஆகாத பண்டம் ஏதாவது உண்டா என்று அர்த்தம். வந்தவரும் இறால் ஆகாது, முட்டை ஆகாது என்று கூச்சமில்லாமல் சொல்லுவார். நம் பக்கம் வீட்டுக்கு வந்த ஒறம்பரையிடம், அதாவது விருந்தாளியிடம், இப்படிக் கேட்டால், சோறு போட மனசில்லை போல என்று எழுந்து போய்விடுவார். நாம் கேட்பதெல்லாம், "இன்னொரு கரண்டி வெக்கட்டுங்களா?" என்பதுதான். அதற்குப் பதில் வருவதற்குள் கரண்டி இலைக்கு வந்துவிடும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டினேன், பெருந்துறையில் சாயம் கலக்கினேன், உடுமலைப்பேட்டையில் தேங்காய் உரித்தேன், பிறகு வளைகுடா, இப்போது இங்கே. ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. போன இடத்திலெல்லாம் வயிறும் கூடவே வந்தது. நம் ஊரில் எந்த வாசலை மிதித்தாலும் பால் காப்பி வரும். வேண்டாம் என்றால் அவர்களைக் கீழாக நினைக்கிறோம் என்றாகிவிடும். குடிப்பேன். கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக் கடமுடா என்று உருளும், கழிப்பறை தேடி ஓடுவேன். எனக்கு வாய்த்த வயிறு அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், சமையற்காரி தோனா லூர்தெஸ் பால் காப்பி நீட்டினாள். இந்த ஊரில் வேண்டாம் என்று சொல்லலாம் என்ற தைரியத்தில், "அலெர்ஜியா" என்றேன். அவள் என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள். ஆம்புலன்சுக்குப் போன் செய்ய ஓடினாள். நான் பின்னாலேயே ஓடி, வயிற்றைத் தொட்டுக் காட்டி, வாயால் உருளும் சத்தம் போட்டுக் காட்டினேன். அவள் நின்று முறைத்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். அது "அலெர்ஜியா" இல்லையாம். பாலைச் செரிக்க முடியாத வயிறு. அவதிப்படுத்தும், ஆளைக் கொல்லாது.

சிரித்து முடித்தவள், தான் பயந்தது எதற்கென்று காட்டினாள். என் போர்த்துகீசு அரைகுறை என்பதால் கையாலேயே சொன்னாள். முதலில் உதட்டைத் தொட்டு அரிப்பு என்றாள். பிறகு கழுத்தில் திட்டுத் திட்டாகத் தடிப்பு, வயிற்றைப் பிடித்து வாந்தி. கடைசியாகக் கை தொண்டைக்கு வந்து நின்றது. குரல் மாறும், மூச்சு இறுகும். எல்லாம் சாப்பிட்ட சில நிமிடத்தில். ஒரு துளி போதும். போன தடவை லேசாகப் போயிற்று என்பதை நம்பி அடுத்த தடவை இருந்துவிடக் கூடாது.

அவள் கை உதட்டிலிருந்து தொண்டைக்குப் போன வழியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் தங்கை தங்கமணியிடம்.

இந்த ஊருக்கு வருமுன் விடுப்பில் வீட்டுக்குப் போயிருந்தபோது, காலையில் இட்லியும் பொடியும் தின்றுவிட்டு, அவளை வண்டியில் தறிக்குடோனில் விடப் போனேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து, "அண்ணா, ஒதடெல்லாம் அரிக்குதுங்ண்ணா" என்றாள்.

"வண்டில வாயத் தொறந்துட்டே வந்தா தூசி அடிக்காம என்ன பண்ணும்?" என்றேன்.

குடோனில் இறங்கும்போது கழுத்தெல்லாம் தடித்திருந்தது. தறிச் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய குரல் தேய்ந்து கம்மிப் போயிருந்தது. பக்கத்துத் தறிக்கார அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காணாக்கடிங்க. நூல் மூட்டைக்கு அடியில பூரான் கெடக்கும்" என்றார்.

கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்துவிட்டது என்பதுதான் காணாக்கடி. கருப்பராயன் கோயில் பூசாரி வேப்பிலை அடித்து மந்திரிப்பார். கொஞ்ச நாளைக்கு உப்புக் கஞ்சியைத் தவிர எதையும் தொடக் கூடாது என்று பத்தியம் சொல்லுவார். தடிப்பு அடங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் அடங்கியது. அதனால்தான் சாப்பாட்டின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அது தானாகவே அடங்கியிருக்கும். கஞ்சி குடித்த நாளெல்லாம் பொடி உள்ளே போகாததால் திரும்பவும் வரவில்லை. பத்தியம் முடிந்ததும் அம்மா ஆசையாகப் பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார். பிறகு மறுபடியும் ஒரு பூரான். உடுமலைப்பேட்டையில் ஒருமுறை எள்ளுருண்டை வாங்கிக் கொடுத்தபோதும் பஸ்ஸில் சொறிந்துகொண்டேதான் வந்தாள். இரண்டிலும் எள்ளு இருந்தது. நிச்சயமாகச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் கம்மிய குரல் என்னை உட்கார விடவில்லை. தோனா லூர்தெஸ் கையால் காட்டிய அன்றே வீட்டுக்குப் போன் போட்டு, அம்மாவிடம் என் பால் கதையைச் சொல்லிவிட்டு, தங்கமணியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மணி, அம்மா இடிக்கற பொடிய இனித் தொடாத."

"ஏனுங்ண்ணா, பொடி என்ன பண்ணுச்சு?"

"உன்னயக் கடிக்கறது அதுல இருக்கற எள்ளுதான்னு நெனைக்கறேன்."

அவள் சிரித்தாள். "எள்ளுக்குப் பல்லு மொளச்சது அத்தன தூரம் போனதுக்கப்பறந்தான் தெரிஞ்சுதுங்களா?"

அம்மா போனைப் பிடுங்கினார். "பொறந்ததுலருந்து திங்கறா. நீ பாலு ஆகாதுன்னே, சரின்னு உட்டுட்டேன். இப்ப எள்ளு ஆகாதுங்கறே. நாளைக்கு அரிசியே ஆகாதும்பே. அந்தூர்ல உனக்கு வேற வேல இல்லியா கண்ணு?"

போனை வைத்துவிட்டார். அம்மா பொடி இடித்து டப்பா நிறைய வைத்திருப்பார். லிஸ்பனின் மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்கிக்கொண்டே யோசித்தேன். அவர்கள் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள். யார் பேச்சைக் கேட்பார்கள் என்பது தெரியும். பூசாரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏனுங் தம்பி, அப்ப நான் வேப்பல அடிச்சதுல ஒண்ணுமே ஆகலீங்களா?"

"கஞ்சி குடிக்கச் சொன்னீங்கல்ல, அதுல ஆச்சுங்க."

"அது என்ற அப்பன் சொன்னதுங். ஏன்னு நான் கேட்டதில்ல." பிறகு சிரித்தார். "இப்படி எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டியுட்டா, கருப்பராயனுக்கு யாருங் வெளக்கு வெப்பா? சரி, புள்ள நல்லாருக்கோணும். சொல்லிப்போடறனுங்."

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்குப் போய், இந்தப் பிள்ளைக்கு எள்ளு ஆகாது, கோயமுத்தூரில் டாக்டரையும் பார்த்துவிட வேண்டும் என்று சாமி வாக்காகச் சொல்லியிருக்கிறார். அம்மா மறுநாளே தங்கமணியைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் தோலில் குத்திப் பார்த்து, எள்ளேதான் என்றார். இத்தனை நாள் தப்பித்தது பெரிசு என்றாராம். கையோடு வைத்துக்கொள்ள ஊசி மருந்து கொடுத்து, மூச்சு இறுகினால் அதைப் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரச் சொல்லியிருக்கிறார். தங்கமணி போனில், "உங்க எள்ளு செயிச்சுப்போச்சுங்ண்ணா" என்றாள். குரல் பழையபடி தறியை மீறிக் கேட்டது.

இப்போது வீட்டில் எள்ளும் இல்லை, நல்லெண்ணெயும் இல்லை. உரலைக்கூட அம்மா மாற்றிவிட்டார். இடித்து வைத்திருந்த பொடியைக் கொட்ட மனசு வராமல், இங்கே வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அறையில் திறந்தேன். கூடத் தங்கியிருக்கிற நேபாளத்துக்காரர் வாசம் பிடித்துக் கை நீட்டினார். என்னை அறியாமல், "தெங் அலெர்ஜியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்.

எங்கள் வீட்டு வாசம் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. லிஸ்பனில், என் கட்டிலுக்கடியில், மூடி இறுக்கிய ஒரு டப்பாவில் இருக்கிறது. அடுத்த விடுப்புக்குப் போகும்போது அதை இங்கேயே விட்டுவிட்டு, சட்டையெல்லாம் துவைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். வாசலில் தங்கமணி நிற்பாள். உள்ளே காலை வைக்கும் முன், ஆகாதது ஏதும் என்மேல் ஒட்டியிருக்கிறதா என்று அவள் என்னைக் கேட்க வேண்டும்.