கிரேன் அந்தோனி என்றொரு மாணவி

இணையவழி வகுப்பு எடுக்கும் தொழிலில் முகங்கள் கிடையாது. கறுப்புப் பெட்டிகளும் பெயர்களும்தான். சுவரோடு கதைப்பதுபோல் பாடம் நடத்திப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெட்டிக்குள் ஒரு பெயர்

வெள்ளவத்தை மாடிவீட்டில் தனியே இருந்தபடி உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு பெட்டியில் ‘கிரேன் அந்தோனி’ என்றிருந்தது. யாரோ பெரியவர் என்று நினைத்து, “ஐயா, நீங்கள் வாசியுங்கள்” என்றேன். பதில் எழுத்தில் வந்தது.

“மிஸ், நான் டிலானி, கொட்டாஞ்சேனை. இது அப்பாட ஃபோன். அவர் ஹாபர்ல கிரேன் ஓட்டுறவர், நைட் வேலை முடிச்சிட்டுத் தூங்குறார். ஒரே ரூம், வாய் தொறக்க ஏலாது.”

நிறுத்தும் இடம்

அவள் சோதனை எழுதுவது இரண்டாம் முறை. இம்முறையும் தவறினால் புடைவைக் கடை வேலை என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எங்கள் கல்வி நிலையத்தில் நடக்கும் நேர் வகுப்புக்கு வந்தால் வாய்விட்டுக் கேள்வி கேட்கலாமே என்றேன். அவளுக்கு விருப்பமில்லை. இணைய வகுப்புக்கு வந்த பெயர்களுக்கு மட்டும் நிலையத்திலிருந்து ஒலிப்பதிவு போகும். அதை மாடிப்படியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்பாளாம். என் வீட்டருகே கரையோர ரயில் போகும்போது நான் பேச்சை நிறுத்தும் இடங்கள்கூட அவளுக்கு மனப்பாடம். என் மௌனத்தை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

“நேர்ல எண்டா உங்கள நிப்பாட்டி, பின்னுக்குப் போய்க் கேக்க ஏலாதே மிஸ்.”

சாப்பாட்டு நேரம்

சோதனை நெருங்கியபோது அப்பாவுக்கு வேலை பகலுக்கு மாறியது. ஃபோனும் அவரோடு போயிற்று. பெட்டி இல்லை, பெட்டி இல்லாவிட்டால் ஒலிப்பதிவும் இல்லை. நிலையத்தாரிடம் கேட்டுப் பார்த்தேன், அசையவில்லை.

அடுத்த வகுப்பில், கணவன் காட்டில் விட்டுப்போன ஒரு பெண்ணின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டி திரும்ப வந்தது. இரும்போடு இரும்பு மோதும் ஓசை. பிறகு ஓர் ஆண் குரல், மெதுவாக.

“டீச்சர், நான் டிலானிட அப்பா. இப்ப சாப்பாட்டு நேரம். நான் இருந்தா மகளுக்கு ரெக்கோடிங் வரும்தானே? நீங்க நடத்துங்க, நான் சத்தம் போட மாட்டேன்.”

பெறுபேறு

சோதனை வரை தவறாமல் வந்தார். பிள்ளைகள் அவருக்கு வணக்கம் எழுதத் தொடங்கினார்கள், ஒருத்தி, “அங்கிள், இண்டைக்கு என்ன கறி?” என்றும் கேட்டாள். டிலானி சித்தியடைந்தாள். வாழ்த்த அழைத்தபோது எடுத்தவர் அவர்தான். நன்றி சொன்னார். ஆனால் ஃபோனை வைக்கவில்லை.

“டீச்சர், மகளுக்குப் படிப்பு முடிஞ்சிது. ஆனா காட்டில விட்டுட்டுப் போன அந்தப் பொண்ணு புருஷனத் திரும்பக் கண்டாளா? அண்டைக்கு அந்த இடத்தில என்னைய வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க.”

பிள்ளைகளை இணைய வகுப்பில் பிடித்துவைத்திருப்பது என் குரல் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். டிலானிக்கோ, அதை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம் என்பதுதான் அதன் சிறப்பாம்.