சிசிலிக்காரரின் மன்றாட்டு

படத்தின் பின்புறம் அப்பாவின் எழுத்தில், "2004 ஆவணி 15, மாதா திருநாள்" என்றிருக்கிறது. ஆகஸ்ட்டைத்தான் அப்பா ஆவணி என்பார்; அன்று ஞாயிற்றுக்கிழமைதான், நாட்காட்டியில் சரிபார்த்தேன். எனக்கு ஒன்பது வயது. ஒலிவாங்கியின் முன் நிற்கும் முதியவர் எங்கள் மொன்றியல் வீட்டுக்காரர். அவர் கீழ்வீட்டிலும் நாங்கள் மேல்மாடியிலும் இருந்தோம்.

அவர் சிசிலித் தீவுக்காரர். இளவயதில் கப்பலேறி வந்து, கட்டட வேலை செய்துகொண்டே, தன் தீவைப் பற்றிச் சிசிலிய மொழியில் கவிதை எழுதியவர். இத்தாலியர் விழாக்களில் வாசிக்கக் கேட்டால், நல்ல இத்தாலியத்தில் எழுதி வா என்பார்களாம். பிள்ளைகளோ பிரெஞ்சில்தான் பதில் சொல்வார்கள். சாவதற்குள் ஒருமுறை சபையில் வாசித்துவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் சித்தப்பா, எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கே அவரைக் கூட்டிவந்துவிட்டார்.

பூசை முடிந்து, மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன் வாசித்தார். மாடிப்படியில் எனக்கு ஏற்கெனவே வாசித்துக் காட்டிய கவிதைதான். முழுக்க அவர் தீவின் ஊர்ப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரே கவிதை அடி திரும்ப வரும். பிறகு தலைகுனிந்து சற்று நிறுத்துவார்.

மூன்றாவது ஊரில் மாமி பொறுமையிழந்தார். "என்ன பேசாமல் நிக்கிறியள்? மனுசன் மன்றாட்டெல்லே சொல்லுறார், பதில் சொல்லுங்கோவன்!"

மன்றாட்டுமாலையில் ஒவ்வொரு புனிதரின் பெயருக்கும் பதில் சொல்வதுபோல, அடுத்த ஊருக்கு மண்டபமே ராகமெடுத்தது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அவர் திகைத்து, இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சித்தப்பாவிடம் பிரெஞ்சில் கேட்டார். "சிசிலி வாழ்க" என்கிறார்கள் என்று சித்தப்பா கூசாமல் சொன்னார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஊரிலிருந்து மறுபடி தொடங்கினார்.

"கோயிலுக்குள்ளை பொய் சொல்லுறியே?" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

"மண்டபத்துக்குள்ளைதானே, அண்ணை."

கடைசியில் தன் சொந்த ஊர்ப் பெயரைச் சொன்னவர், வழக்கமான அடியைச் சொல்லவில்லை. எங்கள் பதிலுக்காகக் காத்து நின்றார்; அது முடிந்ததும் சிலுவை அடையாளம் போட்டார். அவர் ஏமாந்துபோனார் என்று நினைத்து நான் வாயைப் பொத்திச் சிரித்தேன்.

அவரும் மன்றாட்டுமாலை கேட்டு வளர்ந்த கத்தோலிக்கர்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சித்தப்பா இன்றும் சாதிக்கிறார். தெரிந்தேதான் காத்து நின்றாரா என்று அவர் இருந்தபோது யாரும் கேட்கவில்லை. இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.