இறாலுக்கு ஒரு வேன்

போன செவ்வாய்க்கிழமை சென்னையில் எங்கள் ஆஸ்பத்திரியில் சண்டை போட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

என் அக்கா கணவர், மாமாவுக்குப் போன வருஷம் கிட்னி மாற்றினார்கள். ஆபரேஷனோடு முடிகிற விஷயமா அது? புதுக் கிட்னியை உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தம் எடுப்பது செவ்வாய்க்கிழமை மட்டும்தான், அதுவும் காலை எட்டு மணிக்குள். எங்களுக்கு என்ன கஷ்டம்? காபி குடித்துவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசல்.

அன்று எங்களுக்கு முன்னால், ரத்தம் எடுக்கும் ஜன்னலில் ஓர் இளைஞர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பெயர் டில்லி. பழவேற்காடு ஏரிக்குள் பசியாவரம் என்ற தீவு இருக்கிறதே, அங்கிருந்து வந்த மீனவர். உள்ளே இருந்தவர் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"ஏழுமலைன்னு போட்டிருக்கு. நீயா ஏழுமலை?"

"அது எங்க அண்ணன் சார். ரெண்டு காலும் வீங்கிக் கீது. ஏரில ஒரே காத்து. நான் நனைஞ்சிக்கினே வந்துட்டேன், அவர நனைய வைக்க முடியுமா? அவருக்கு வச்ச கிட்னியே என்னுதுதான் சார். என் ரத்தத்த எடுத்துக்கோங்க."

ஜன்னலுக்கு உள்ளேயும் சிரிப்பு, வெளியேயும் சிரிப்பு. "அடுத்த செவ்வாய் அண்ணனைக் கூட்டிக்கிட்டு வாப்பா. நெக்ஸ்ட்!"

டில்லிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னிடம் திரும்பினார். "இன்னாம்மா இது? எங்க ஊர்ல பாடு செல்லுதே?"

ஏரியில் மீனும் இறாலும் கிடைக்கிற இடங்களை அவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. இன்று உங்கள் பாடு, நாளை என் பாடு. ஒருவர் நோயில் படுத்துவிட்டால் வீட்டு ஆள் போய் வலை விடலாம். ஊரே ஒப்புக்கொள்ளும். படுத்தவரின் முறை பறிபோகாது. அதே நம்பிக்கையில்தான் அண்ணனுடைய முறையைக் காப்பாற்ற டில்லி வந்திருந்தார்.

ரத்தத்தில் அது செல்லாதுதான். ஆனால், சிரிக்க வேண்டியது இவரைப் பார்த்தா? நோயாளிக்காக முறையைக் காப்பாற்றும் ஊர் அது. நோயாளியின் முறையையே பிடுங்கிக்கொள்ளும் இடம் இது... எது ஆஸ்பத்திரி?

எட்டு மணிக்குள் இங்கே நிற்க வேண்டுமானால் ஏழுமலை முதல் நாளே படகு ஏற வேண்டும். பிறகு பஸ், பிறகு ரயில். ராத்திரி இந்த வராந்தாவிலேயே துண்டு விரித்துப் படுக்க வேண்டும். அவருக்குத் தூசி ஆகாது, கூட்டம் ஆகாது என்று எழுதிக் கொடுத்ததும் இதே ஆஸ்பத்திரிதான்!

இதையெல்லாம் உரக்கவே கேட்டேன். மாமா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்துவிட்டார்.

"கால் வீக்கமா? கிழமை எல்லாம் பார்க்காதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க," என்றார் டில்லியிடம். இதைச் சொல்ல ஒருத்தி கத்த வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காற்று தணிந்ததும் ஏழுமலை வந்து சேர்ந்தார். எதில் தெரியுமா? பழவேற்காட்டு இறாலைச் சென்னைக்கு ஏற்றி வரும் வேனில், ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில், போர்வையைச் சுற்றிக்கொண்டு.

வார்டில் போய்ப் பார்த்தேன். முகமும் வீங்கியிருந்தது. கட்டிலுக்குக் கீழே டில்லி உட்கார்ந்திருந்தார். "முன்னயே வந்திருந்தா கிட்னி தாங்கியிருக்கும்னு டாக்டர் சொல்றாரும்மா. இப்ப மருந்து ஏத்திப் பாக்கறாங்களாம். என்னாண்ட இன்னொண்ணுதான் கீது... அத எடுத்துக்கோன்னா மாட்டேன்றாங்க."

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

ஐஸில் வைத்து இறாலைத் தினமும் பட்டணத்துக்குக் கொண்டு வரத் தெரிகிறது. இங்கிருந்து கப்பலேற்றி ஜப்பானுக்கே அனுப்பத் தெரிகிறது. பழவேற்காட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பொன்னேரியில் ஊசி போட்டு எடுத்த ஒரு குப்பி ரத்தத்தை அதே ஐஸில் வைத்து, அதே வேனில் கொண்டு வரத் தெரியாதா?

இறால் கெட்டுப்போனால் வாங்குகிறவன் கேள்வி கேட்பான். அதனால்தான் அத்தனை அக்கறை. ஏழுமலையின் கிட்னி கெட்டுப்போனால் யார் கேட்கப் போகிறார்கள்?

அடுத்த செவ்வாயும் அந்த ஜன்னலுக்கு நான் போகத்தான் போகிறேன்... மாமா என் தலைப்பை இழுக்காமல் இருந்தால் சரி!