மையில்லாத விரல்கள்

ஆட்டோவில் மைக் பிடித்துப் பிரச்சாரம் செய்கிறவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு: ஜெயித்தால் தலைவர் ஜெயித்தார், தோற்றால் மைக் பிடித்தவன் கெடுத்தான். தொண்டை கட்டி மிளகுப்பால் குடித்த சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

டீக்கடைத் தீர்ப்பு

எங்கள் வார்டு கவுன்சிலர் தேர்தலில், ஒரு மினிபஸ்ஸில் ஏறிவிடக்கூடிய அளவு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றோம். மறுநாள் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிர் டீக்கடையில் அந்தோணி உட்கார்ந்திருந்தான். எதிர்க்கட்சிக்கு மைக் பிடிக்கிறவன். தேர்தலில்தான் எதிரி, மற்ற நாளில் நாங்கள் ஒரே பெஞ்சு. தங்கள் வேட்பாளர் தங்கமான மனுஷன், பாதி வெற்றி அதனால்தான் என்றான். அந்த ஆளை எனக்குத் தெரியாதா, சிரித்துவிட்டேன். மீதிப் பாதிக்குக் காரணம் சொன்னான் பாருங்கள், வாயில் இருந்த டீ கசந்துவிட்டது.

"ஏலே முத்து, கடைசி ரெண்டு நாளும் 'ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு'ன்னு கத்துனல்லா, உங்க ஆளுவ அத நம்பி வீட்டுலயே இருந்துட்டாவ."

மீன் மார்க்கெட்டில்

எதிராளி பேச்சை நம்பலாமா? எங்கள் ஒற்றுமையைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று கொதித்தேன். ஆனால் தோற்றது ஏன் என்று விசாரிக்க, எங்கள் வேட்பாளர் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருந்தார். மைக் கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். உண்மையைத் தெரிந்துகொண்டே போவோம் என்று, எதிர்ப்பட்டவர்களின் இடது ஆள்காட்டி விரலைப் பார்க்க ஆரம்பித்தேன். ஓட்டுப் போட்ட மை அவ்வளவு சீக்கிரம் போகாதே. தன் மீன்கடையிலேயே எங்கள் கட்சிக்கொடி கட்டியிருக்கும் மரியம்மாள் அக்கா சீலா மீனை நறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் பளிச்சென்று இருந்தது. ஏன் ஓட்டுப் போடவில்லை என்று கேட்டேன்.

"ஜெயிச்சபெறவு நான் வேற எதுக்குல வெயில்ல நிக்கணும்?"

வீட்டில்

அது ஒருத்திதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி செல்வி இடது கையில் குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். சட்டியைப் பிடித்த விரலில் மை இல்லை! நீயுமா என்று கேட்டேன். அவள் அலட்டிக்கொள்ளாமல் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"நீங்கதான மைக்ல சொன்னிய. கட்டுன புருசன் பேச்ச நம்புனது தப்பா?"

கூட்டத்தில்

ஆளாளுக்கு உள்குத்து, துரோகம் என்று பேசினார்கள். நான் எழுந்து, அவர்கள் வேட்பாளரைப் பற்றி அந்தோணி சொன்னது சுத்தப் புளுகு, ஆனால் மைக் விஷயத்தில் சொன்னது சரி என்றேன். நம்பாதவர்கள் அவரவர் விரலைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டேன். முன்வரிசையிலேயே சில இடது கைகள் சட்டைப்பைக்குள் போயின. முறைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"அடுத்த தடவையும் மைக்கு ஒனக்குத்தாம்ல. ஆனா கடைசி நாளு வரைக்கும் மைக்ல நாம தோத்துக்கிட்டே இருக்கணும்."

எதிர்க்கட்சிக்காரன் சொன்னதில் உண்மை இருக்கிறதா என்று ஊரெல்லாம் தேடினேன், அது என் வீட்டில் எனக்கே குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தது.