இலை மடிக்கும் வரை

விழுப்புரம் மார்க்கெட்டில் வாழையிலை வாங்கிக்கொண்டு திண்டிவனம் பேருந்தில் ஏறினேன்.

"இன்னா மேடம், யார் ஊட்ல விசேஷம்?" என்றார் கண்டக்டர்.

கம்ப்யூட்டர் லேபுக்கு என்றேன். இலைக்கட்டை ஒருமுறை பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு புரோகிராமிங் நடத்துகிறேன். ஆசிரியர் போர்டில் எழுதுவதை ரெக்கார்டு நோட்டில் இறக்கி, கமா உட்பட மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிப்பது அங்கே வழக்கம். கேள்வியில் ஓர் எண்ணை மாற்றினால், "அது சிலபஸ்ல இல்ல மேடம்" என்பார்கள். நான் போர்டை விட்டுவிட்டு, ஒரு சிக்கலைக் கொடுத்து அவர்களையே கட்டளைகள் எழுதச் சொன்னேன். துறைத்தலைவருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், தேறாவிட்டால் நான் போர்டுக்குத் திரும்ப வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த வாரச் சிக்கல்: பந்தியில் ஒருவருக்குச் சோறு போட வேண்டும், எப்போது நிறுத்துவது? எழுதியதை முதலில் ஓர் ஆள் நடத்திப் பார்க்க வேண்டும், பிறகுதான் கணினியில் தட்டுவது. கோலியனூரிலிருந்து வரும் மாணவி ஒருத்திதான் எங்கள் கணினி. எழுதியிருப்பதை மட்டுமே செய்வாள். எழுதவில்லை என்பதால் சிரிக்கவும் மாட்டாள்.

'போதும் என்றால் நிறுத்து' என்றுதான் வகுப்பு முதலில் எழுதியது. ஞாயிறுகளில் கல்யாணங்களுக்குப் பரிமாறப் போகும் மாணவன் ஒருவன் எழுந்தான்.

"முதல் போதும்லயே நிறுத்தினா சம்பந்தி வூட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க மேடம்."

ஆகவே, 'இலையைத் தன் பக்கம் மடிக்கும் வரை போடு' என்று மாற்றினார்கள். துறைத்தலைவர் உள்ளே வந்தது அப்போதுதான். யாரோ இலையைப் போட்டு அவரையே உட்கார வைத்துவிட்டார்கள். கோலியனூர் மாணவி கேன்டீன் எலுமிச்சை சாதத்தோடு நின்றாள்.

ஒரு கரண்டி விழுந்தது. "போதும்மா" என்றார். இன்னொன்று விழுந்தது.

"போதும்னு சொல்றேன், போட்டுக்கினே கீறியே!"

இலைக்கு மேல் கையை நீட்டினார். அடுத்த கரண்டி புறங்கையில் விழுந்தது. பதறிப்போய் இலையை எதிர்ப்பக்கம் தள்ளி மடித்தார்.

"சார், அது சாவு வூட்டு மடிப்பு சார்" என்றான் பரிமாறும் மாணவன்.

"கண்டிஷன் இன்னும் வரல சார்" என்று சொல்லிவிட்டு, மடித்த இலையின் மேலேயே மாணவி ஒரு கரண்டி வைத்தாள்.

அவர் எழுந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். நேராகப் போர்டுக்குப் போய், சோற்றுக் கையாலேயே சாக்பீஸை எடுத்து, 'கையை நீட்டினாலும் நிறுத்து' என்று சேர்த்தார்.

"அப்பளம் கேக்கறவங்களும் கையத்தான் நீட்டுவாங்க சார்" என்றது கடைசி பெஞ்சு.

யோசித்தார். அழித்தார். 'கையை இலைக்குக் குறுக்கே வைத்தால்' என்று எழுதினார். ரசத்துக்கு அணை கட்டுபவர்களும் அப்படித்தான் வைப்பார்கள் என்று ஒரு பெண் சொன்னாள். மணி அடித்தது. அவர் அதையும் அழித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் இதையே வெச்சுக்கங்க மேடம்," என்றார் திரும்பாமலே. "இது முடியாம வுடக் கூடாது. ஆனா எலையில நீங்க உக்காருங்க."